ஜெர்மனி படிப்பு, இன்டர்ன்ஷிப்: கேளுங்க, சொல்றேன்

கே: அக்கா, மாஸ்டர்ஸ் முதல் வருஷம் முடியப் போகுது, ஒரு கார் கம்பெனில ஆறு மாச இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. உங்களோடது கட்டாய இன்டர்ன்ஷிப்பா இல்ல நீங்களா பண்றதா, யுனிவர்சிட்டி லெட்டர் அனுப்புங்கன்னு கேக்குறாங்க. எப்படியும் வேலை ஒண்ணுதானே, இதுக்கு எதுக்கு லெட்டர்?

ப: வேலை ஒண்ணுதான்மா, ஆனா விசாவும் சம்பளமும் அந்த லெட்டரைப் பொறுத்துதான் இருக்கு. உங்க கோர்ஸோட எக்ஸாம் ரெகுலேஷன்ல இன்டர்ன்ஷிப் பண்ணியே ஆகணும்னு எழுதியிருந்தா அது ஃப்ளிஷ்ட்பிராக்டிகும், அதாவது கட்டாய இன்டர்ன்ஷிப், இல்லேன்னா நீங்களா பண்றது. ஸ்டூடன்ட் விசால இருக்கறவங்க வருஷத்துக்கு 140 முழு நாள் இல்ல 280 அரை நாள் வேலை பாக்கலாம் (2024 மார்ச் வரைக்கும் இது 120, 240ஆ இருந்துச்சு), கட்டாய இன்டர்ன்ஷிப் இந்தக் கணக்குல வராது, நீங்களா பண்றது வரும், சம்பளமே இல்லாம பண்ணாலும் வரும். ஆறு மாசம்னா வாரத்துக்கு அஞ்சு நாள் வீதம் கிட்டத்தட்ட 130 நாள், மிச்சம் பத்து நாளை வச்சுகிட்டு அந்த வருஷம் பார்ட் டைம் எங்க போறது? அதனால நீங்களா பண்றதா இருந்தா அக்டோபர் மாதிரி ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்கும் பிரியற மாதிரி வச்சுக்கோங்க, கணக்கு காலண்டர் வருஷத்துக்குத்தான்.

சம்பளத்துல கதை அப்படியே தலைகீழ். நீங்களா பண்ற இன்டர்ன்ஷிப் மூணு மாசத்தைத் தாண்டினா முதல் நாள்ல இருந்தே மினிமம் வேஜ் குடுக்கணும், 2026ல அது மணிக்கு 13.90 யூரோ. கட்டாயம்னா அந்தச் சட்டமே பொருந்தாது, கம்பெனி பாத்து குடுக்கறதுதான், குடுக்காமலும் விடலாம். நிறைய விளம்பரத்துல கட்டாய இன்டர்ன்ஷிப் ஸ்டூடன்ட்ஸ் மட்டும்னு போட்டிருக்கறது ஏன்னு இப்ப புரியுதா? என்னைக் கேட்டா ரெகுலேஷன் பிடிஎஃப்ஐ முதல் செமஸ்டர்லயே படிச்சிடணும், சீனியர் சொன்னாங்கன்னு நம்பிப் போறது சரிப்படாது, அவங்க கோர்ஸ் வேற, உங்க கோர்ஸ் வேற.

கே: மேடம், பையனுக்கு பிளாக்டு அக்கவுன்ட்ல (விசாவுக்காக செலவுப் பணத்தை முன்னாடியே போட்டுக் காட்டுற அக்கவுன்ட்) 11,904 யூரோ கட்டியாச்சு. இனிமே செலவுக்கு தனியா குடுக்கணுமா?

ப: குடுக்கணும் சார். அந்தப் பணம் மொத்தமா கைக்கு வராது, மாசம் 992 யூரோதான் ரிலீஸ் ஆகும், அதுவும் அவர் அங்க போய் ஃபார்மாலிட்டி எல்லாம் முடிச்சு அக்கவுன்ட் ஆக்டிவேட் ஆன பிறகுதான். வீட்டுக்கு அட்வான்ஸ்னு மூணு மாச வாடகை வரைக்கும் கேக்கலாம், ஹீட்டிங் மாதிரி செலவெல்லாம் சேர்க்காத வாடகை அது. சட்டப்படி அதை மூணு தவணையா கட்ட உரிமை உண்டு, முதல் தவணை குடியேறும்போது. பாதி ஹவுஸ் ஓனருங்க இதைச் சொல்லவே மாட்டாங்க, பையனை தைரியமா கேக்கச் சொல்லுங்க.

கே: ஜெர்மனில எல்லா யுனிவர்சிட்டியும் ஃபீஸ் இல்லாமதானே?

ப: பெரும்பாலும் கவர்மென்ட் யுனிவர்சிட்டில இல்ல, செமஸ்டர் கான்ட்ரிபியூஷன் மட்டும் கட்டணும். ஆனா பாடன் வுர்ட்டெம்பெர்க் மாநிலத்துல நம்ம மாதிரி ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோன்னு 2017ல கொண்டு வந்தாங்க. மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியும் 2024 விண்டர் செமஸ்டர்ல இருந்து வாங்குது, மாஸ்டர்ஸ்னா செமஸ்டருக்கு 4,000ல இருந்து 6,000 வரைக்கும்.

கே: இன்டர்ன்ஷிப் சேர்ந்து ஒரு மாசம் ஆச்சுக்கா, மீட்டிங் எல்லாம் ஜெர்மன்ல போகுது, என்னை யாரும் கண்டுக்கவே மாட்டேங்குறாங்க. விட்டுட்டு வந்திடலாமான்னு இருக்கு.

ப: விடாதீங்க தம்பி. அங்க சும்மா இருக்கறவங்களை கூப்பிட்டு வேலை குடுக்கற பழக்கம் கம்மி, பேசலேன்னா நமக்கு எல்லாம் ஓகேன்னு நினைச்சுக்குவாங்க. சூப்பர்வைசர்கிட்ட வாரம் அரை மணி நேரம் தனியா டைம் கேளுங்க, இந்த வாரம் இதை முடிச்சேன், அடுத்து இது எனக்கு வேணும்னு நேரா சொல்லுங்க, அங்க இப்படிக் கேட்டா திமிர்னு எடுத்துக்க மாட்டாங்க. மீட்டிங் முடிஞ்சதும் என்ன முடிவாச்சுன்னு பக்கத்து சீட்ல இங்கிலீஷ்ல கேட்டாலும் பதில் வரும். லஞ்சுக்கு டீமா கிளம்பும்போது ஹெட்போனைக் கழட்டிட்டு கூடப் போங்க, எனக்கு பாதி ஜெர்மன் கேன்டீன்லதான் வந்துச்சு. அப்புறம் முக்கியமா, முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வேலை சர்டிஃபிகேட் கேட்டு மெயில் போட்டுடுங்க, நீங்க என்னென்ன பண்ணீங்கன்னு லிஸ்ட்டும் சேர்த்தே அனுப்புங்க, ஆகஸ்ட்ல முடியுதுன்னா பாதி ஆபீஸ் லீவுல இருக்கும்.