விமானக் காற்றும் அம்மாவின் ஆஸ்துமாவும்

கேள்வி: ஐயா, ஆஸ்துமா உள்ள என் அம்மா கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு முதன்முறையாகப் பறக்கிறார். விமானத்தில் பிறர் விட்ட மூச்சையே சுவாசிக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அந்த அச்சம் வேண்டாம், சகோதரி. பெரும்பாலான ஜெட் விமானங்களில் ஏறத்தாழப் பாதிக் காற்று வெளியிலிருந்து எஞ்சின் வழியே வருகிறது, மீதி, 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள நுண்துகள்களிலும் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும் ஹெப்பா வடிகட்டிகளைக் கடந்தே திரும்புகிறது. பக்கத்து இருக்கையில் இருமுபவரிடமிருந்து மட்டும் வடிகட்டி காக்காது, அம்மா முகக்கவரி அணியட்டும். என் கவலையெல்லாம் வறட்சியும் அழுத்தமும்தான். ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குவதால் தொண்டை வறளும். கேபின் அழுத்தமோ, கேமரன் மலையையும்விட உயரமான 8,000 அடியில் இருப்பதற்கு ஈடாகக் குறையலாம் என்பதால், உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். பயணத்திற்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். இன்ஹேலரைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் கைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.