டிக் டிக் என்று சத்தமிடும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பழைய படங்களை மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஆனால் இந்தப் பதிலை வாசிப்பதற்கு முன் அந்த டிஸ்க்கை முறைப்படி நிறுத்திக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இடிக்கப்பட்டுவிட்ட லயன் வீடுகளின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) படங்களும் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதிப் படங்களும் அந்த 1 டெராபைட் வெளி டிஸ்க்கில் மட்டுமே இருப்பதாகவும், செருகினால் விண்டோஸ் ஃபார்மட் செய்யச் சொல்வதாகவும், விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் நிரலான செக்டிஸ்க்கை ஓட்டிப் பார்க்கும்படி நண்பர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இதே நிலையில் உள்ள டிஸ்க்குகள் அடிக்கடி வருகின்றன. படங்களை இழந்தவர்களில் பலர் பழுதினால் அல்ல, பழுது தெரிந்த பிறகு செய்த காரியங்களால்தான் இழந்தார்கள்.

உங்கள் நண்பர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும், செக்டிஸ்க் இந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். அதன் வேலை கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்துவது. உங்கள் படங்களைக் காப்பது அல்ல. திருத்தச் சொல்லி ஓட்டினால் அது டிஸ்க்கின் மீதே எழுதும். படிக்க முடியாத பதிவுகளைத் துண்டித்து, பெயரற்ற துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும். சாகும் டிஸ்க்கிற்கு இன்னும் எவ்வளவு ஓட்டம் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஓட்டம் முழுவதையும் படித்து நகலெடுப்பதற்கே செலவிட வேண்டும்.

டிக் சத்தம் சீராக, தொடர்ச்சியாகக் கேட்டு, பிறகு உள்ளே தரவு பதிந்திருக்கும் தட்டு சுழல்வதே நின்றுவிட்டால், பெரும்பாலும் படிக்கும் தலை பழுதாகியிருக்கும். அந்தத் தலை தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. பழுதான தலையோடு ஓடவிட்டால் தட்டின் பூச்சே உராய்ந்து போகலாம். அந்த நிலையில் வீட்டில் செய்வதற்கு எதுவும் இல்லை: தூசியற்ற அறை வசதியுள்ள மீட்பு நிலையத்திற்குத்தான் அனுப்ப வேண்டும், கட்டணமும் புது டிஸ்க்கின் விலையைவிடப் பல மடங்கு ஆகலாம். மூடியைத் திறக்காதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்த உடனே டிஸ்க்கில் நீர் கோத்துக்கொள்ளும்.

சத்தம் எப்போதாவதுதான் வருகிறது, டிஸ்க்கின் பெயரும் அளவும் சரியாகத் தெரிகின்றன என்றால் நம்பிக்கை அதிகம். கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் குறிப்புகளை, ஒரே ஒரு முறை பாருங்கள்: 5, 197, 198 ஆகிய வரிசைகளின் மூல மதிப்பு பூஜ்யத்திற்கு மேல் இருந்தால் செக்டர்கள் (தரவு பதியும் சிறு பகுதிகள்) கெட்டுக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அந்த நிரலில் இவை 05, சி5, சி6 என்று காட்டப்படும்.

அடுத்து, லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கி, அந்தோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்ற இலவச நிரலைப் பயன்படுத்துங்கள். சாதாரண நகலெடுப்பு கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். டிடிரெஸ்கியூ அதைத் தாண்டிச் சென்று, எளிதில் படிக்கக்கூடிய பகுதிகள் அனைத்தையும் முதலில் எடுத்துவிட்டு, அதன் பிறகே கெட்ட இடங்களின் ஓரங்களைச் சுரண்டத் திரும்புகிறது. எதை எடுத்தது, எது மிச்சம் என்பதை ஒரு மேப் கோப்பில் எழுதி வைப்பதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்பைக் கேட்காமல் அது ஓடிவிடும் என்பதால், கட்டளையில் அதன் பெயரைக் கொடுக்க மறக்காதீர்கள். நகலைச் சேமிக்க 1 டெராபைட்டைவிடப் பெரிய, நல்ல டிஸ்க் ஒன்று வேண்டும். எது மூலம், எது நகல் என்பதை டிஸ்க்கின் மாடல், சீரியல் எண்களைப் பார்த்தே உறுதி செய்யுங்கள். இரண்டும் இடம் மாறினால் மீட்க வேண்டிய படங்களின் மீதே எழுதப்பட்டுவிடும். வேலை மணிக்கணக்கில், சில டிஸ்க்குகளில் நாள்கணக்கில்கூட நீளும். மாலையில் இடி மழை வந்தால் கரண்ட் போகும் ஊர் நம்முடையது என்பதால், நல்ல பேட்டரியுள்ள மடிக்கணினியிலோ யூபிஎஸ் வைத்தோ செய்யுங்கள்.

நகல் கிடைத்த பிறகு அசல் டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை. இனி எல்லாச் சோதனையும் நகலில்தான். பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரிக்கப்பட்ட பகுதி) காணாமல் போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற நிரல் அதைத் தேடித் தரும். அதுவும் முடியாவிட்டால், டெஸ்ட்டிஸ்க்கை எழுதிய கிறிஸ்தோஃப் கிரெனியேவின் இன்னொரு நிரலான ஃபோட்டோரெக், ஜேபெக் கோப்பின் தொடக்க அடையாளத்தைத் தேடிப் படங்களைத் தனித்தனியே எடுக்கும். ஆனால் கோப்புப் பெயர்களும் ஃபோல்டர்களும் போய்விடும். கேமராவின் தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருந்தால், எந்த ஆண்டுத் திருவிழா என்று அதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

மீண்ட படங்களைச் சிறு உருவில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். முழு அளவில் திறக்கும்போதுதான், மேல் பாதியில் லயன் வீட்டுக் கூரை தெளிவாக இருந்தும், கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறமாக இருப்பது தெரியவரும். கெட்ட செக்டர் விழுந்த படம் அப்படித்தான் வரும். அப்படிப்பட்டவற்றில் உங்களுக்கு உயிரானவை இருந்தால், அசல் டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் உறையிலிட்டு மேப் கோப்பின் நகலோடு வைத்திருங்கள். பின்னாளில் மீட்பு நிலையத்திற்குக் கொடுத்தால், எந்த இடங்கள் மட்டும் மிச்சம் என்று அவர்களுக்குக் காட்ட முடியும்.