இரண்டு முறைக்கு மேல் ஆடினால் ஊர் பேசும்!

கேள்வி: பழைய இங்கிலாந்துக் கதைகளில் காதல் நடனக்கூடத்தில்தான் தொடங்குகிறது. அத்தனை பேர் நடுவில் எப்படிப் பேசிப் பழகினார்கள்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் 1771-ல் திறந்த நடனக்கூடம் ஐந்து பெரிய சரவிளக்குகளோடு இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே முன்பின் தெரியாத பெண்ணை நேரே போய் ஆட அழைக்க முடியாது. விழா நடத்துபவர் அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

சரி, அறிமுகம் ஆயிற்று. ஆண்கள் ஒரு வரிசை, எதிரே பெண்கள் ஒரு வரிசை. வரிசையின் முன்னால் நிற்கும் ஜோடி ஆடிக்கொண்டே கடைசிப் பக்கம் நகரும். முறை வரும்வரை மற்றவர்கள் சும்மா நிற்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்புதான் வாய்ப்பு! பெண்ணின் அம்மா சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் பேச்சு அவர் காதில் விழாது. மழை, சேறு, வந்த வண்டி என்று ஏதோ பேசுவார்கள். முறை வந்ததும் கையுறை போட்ட கைகள் சேரும். விடவேண்டிய தாளத்தில் அவன் விரல் ஒரு நொடி தயங்கினால் அவளுக்குப் புரிந்துவிடும்.

ஒரே ஆளோடு இரண்டு முறைக்கு மேல் ஆடினால் ஊர் பேசும். ஒருவரை மறுத்த பெண் அன்று வேறு யாரோடும் ஆடக்கூடாது என்பதும் மரியாதை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பிடித்தவன் வந்து அழைப்பதற்குள் பிடிக்காதவன் வந்து நின்றால், பாவம், அவள் என்ன செய்வாள்?