ஃப்ளூ பெருந்தொற்று வருவதற்கு முன்பே வீடும் ஊரும் எப்படித் தயாராவது?

என்னென்ன வாங்கி வைக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

நான் குமரி மாவட்டம் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்தபோது அம்மை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். அதன்பின் பல நாள் ஊரே ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம், ஒரே அண்டாவில் கஞ்சி. 2017-ல் ஒக்கி புயல் அடித்தபோதும் கடலுக்குப் போனவர்களுக்காகக் கோயில் முற்றத்தில் ராப்பகலாகக் கூடியிருந்தோம். ஆபத்து என்றால் கூடுவதுதான் எங்களுக்குத் தெரியும். ஃப்ளூவோ, காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். கூடாமல் எப்படி உதவுவது என்பதைத்தான் நாங்கள் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

2021 மே மாதம் கொரோனாவில் எங்கள் வீட்டில் நாலு பேரும் ஒரே வாரத்தில் படுத்தோம். அடுப்பு பற்றவைக்க ஆளில்லை. மூன்றாம் நாள் அப்பாவின் சர்க்கரை மாத்திரை தீர்ந்தது. கையில் பணம் இருந்தது, மருந்துக்கடையும் பக்கம்தான், போய் வர ஆள் இல்லை. அடுத்த வீட்டுச் சித்திக்கு விஷயம் தெரியவே இரண்டு நாள் பிடித்தது. தெரிந்த நாளிலிருந்து தூக்குவாளியில் கஞ்சியும் பயறும் நடையில் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிடுவாள். நாலு குரலும் கேட்ட பிறகுதான் போவாள்.

இதை முன்கூட்டியே ஏற்பாடாகச் செய்ய முடியும். எங்களுக்கு அன்பியம் இருக்கிறது, அதாவது கோயில் பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த குழு, சுமார் முப்பது வீடு. உங்கள் ஊரில் மகளிர் குழுவோ ஜமாத்தோ, அய்யாவழிக்காரர்கள் கூடும் நிழல்தாங்கலோ இருக்கும். மகன் வெளிநாட்டில், தாய் மட்டும் வீட்டில் என்று நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகள்! யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு என்ன மாத்திரை, யார் கர்ப்பிணி, எந்த வீட்டுக்கு எந்த வீடு பொறுப்பு என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் நோயாளிக்குத் தனி அறை கிடைக்காது. அதற்கு எந்தக் கட்டடம் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

வீட்டுக்கு: தினமும் சாப்பிடும் மாத்திரைகள் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். 2020-ல் களியக்காவிளையில் கேரள எல்லையை அடைத்தபோது, திருவனந்தபுரத்தில் வைத்தியம் பார்த்தவர்கள் பட்ட பாடு மறக்காது. பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., தெர்மாமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், சோப்பு, மாஸ்க். அரிசி, பயறு, கருவாடு. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். ஆன்டிபயாடிக் ஃப்ளூ வைரஸைக் கொல்லாது. ஃப்ளூ வைரஸுக்கான மருந்து ஒசல்டாமிவிர், அதைக் காய்ச்சல் தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், அதுவும் டாக்டர் சொன்னால். ஆகவே முதியவர், கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர் என்றால் "நாளை பார்ப்போம்" என்று தள்ளாதீர்கள்.

மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சு குழம்பினாலோ உடனே 108. காய்ச்சல் விட்டு, ஆள் தேறி, மறுபடி காய்ச்சலும் இருமலும் ஏறினால் மிகவும் கவனம். ஃப்ளூவுக்குப் பின்னால் பாக்டீரியா நிமோனியா வருவது அப்படித்தான். 1918 ஃப்ளூ பெருந்தொற்றில் பலரைக் கொண்டுபோனது அதுதான்.

தடுப்பூசி வரட்டும் என்று காத்திருக்க முடியாது. 2009-ல் ஏப்ரலில் பன்றிக்காய்ச்சல் என்ற புது ஃப்ளூ வைரஸ் தெரிந்தது, ஜூன் 11-ல் பெருந்தொற்று என்று அறிவித்தார்கள், அதற்கான ஊசி வர செப்டம்பர் கடந்தது. அந்த மாதங்களை ஓட்டுவது நம் நோட்டும் தூக்குவாளியும்தான்.

எங்கள் அன்பியத்தில் நோட்டு எழுதி முடித்துவிட்டோம். தனியாக இருக்கும் ஏழு பேருக்கும் ஆள் இருக்கிறது. இன்னும் பேசி முடியாதது துஷ்டி வீடு, அதாவது சாவு வீடு. கூட்டம் கூடாமல் எப்படித் துக்கம் கேட்பது என்று ஆரம்பித்தாலே பெரியவர்கள் அழுதுவிடுகிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்திலும் மறுபடி எடுக்கப் போகிறேன்.