நாட்டுக் காய்கறி ரகங்கள் மரபணுவிலும் வேறுபட்டவையா?

"பார்க்க இத்தனை விதமாக இருக்கும் நாட்டு ரகங்கள் மரபணுவிலும் அதே அளவுக்கு வேறுபடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எப்போதும் அப்படி இல்லை.

தக்காளியைப் பாருங்கள். மஞ்சள் பழத்தையும் சிவப்புப் பழத்தையும் ஒரே ஒரு மரபணு பிரித்துவிட முடியும். மற்றவை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகெங்கும் பரவியபோது கொஞ்சம் விதைகளே பயணப்பட்டன. அதனால் அதன் மரபு வளம் குறுகியது. நோய் எதிர்ப்புத் திறனுக்காக ஆய்வாளர்கள் காட்டுத் தக்காளிகளைத் தேடிப் போவது இதனால்தான்.

பூசணி நேர்மாறு. அதன் மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுபோவது தேனீக்கள். தேனீ எந்தப் பூவிலிருந்து எந்தப் பூவுக்குப் போகும் என்று யார் சொல்ல முடியும்? ஒரே கொடியின் விதைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. இங்கே 'ரகம்' என்பது உண்மையில் ஒரு கலவையான கூட்டம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: வறட்சியோ நோயோ வந்தால் அந்தக் கூட்டத்தில் சில கொடிகளாவது பிழைக்க வாய்ப்பு அதிகம்.

விளைச்சல், பூக்கும் நாள் போன்றவை பல மரபணுக்களோடு மண்ணும் மழையும் சேர்ந்து தீர்மானிப்பவை. எனவே ரகங்களை ஒப்பிட, ஒரே நிலத்தில், பல பாத்திகளில், ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்களில் வளர்த்துப் பார்க்க வேண்டும். டிஎன்ஏ சோதனை மட்டும் போதாது.

விதை சேமிப்பவரா நீங்கள்? பூசணியில் ஒரு நல்ல காயோடு நிறுத்தாதீர்கள். பல கொடிகளிலிருந்து விதை எடுங்கள். வேறு பூசணி ரகங்களைத் தள்ளியே நடுங்கள்.