ஊரிலேயும் டெஸ்ட் எடுக்கணுமா அக்கா?

கேள்வி: நான் தாராவியில் தையல் வேலை செய்கிறேன். மனைவி சங்கரன்கோவில் பக்கம் எங்கள் கிராமத்தில், அம்மாவோடு இருக்கிறாள். இப்போது நாலு மாதம். சுகாதார நிலையத்தில் எச்.ஐ.வி. டெஸ்டும் எடுக்கச் சொன்னார்களாம். 'அது பம்பாய்க்காரங்க நோய், நம்ம ஊருக்கு எதுக்கு?' என்று அம்மா சண்டை போடுகிறார். இது நகரத்து நோய்தானா அக்கா?
- வாசகர், தாராவி

பதில்: தம்பி, இன்றைக்கே போன் போட்டு மனைவியைப் போகச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கும் எல்லோருக்கும் எடுக்கிற டெஸ்ட் அது. உங்கள் மனைவி மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை, இதை அம்மாவுக்குப் புரியவையுங்கள். தாய்க்குக் கிருமி இருந்து மருந்தே எடுக்காவிட்டால், 100 பிள்ளைகளில் 15 முதல் 45 வரை தொற்றலாம். நேரத்தோடு மருந்து தொடங்கினால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். நாலாம் மாதம் நல்ல நேரம்.

அம்மா சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வில் பத்தாயிரம் பேருக்கு நகரத்தில் 35 பேர், கிராமத்தில் 25 பேர் என்று வந்தது. ஆனால் அப்போது நம் நாட்டில் பத்தில் ஏழு பேர் கிராமத்துக்காரர்கள். அப்படியென்றால் தலைக்கணக்கில் கிராமத்தில்தானே அதிகம்? விகிதத்தில் இன்று முன்னால் நிற்கிற மிசோரம், நாகாலாந்தில் மும்பை மாதிரி ஒரு நகரம்கூடக் கிடையாது. அங்கே போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டது ஒரு பெரிய காரணம்.

மும்பையில் ஆலோசகராகப் பல வருடம் உட்கார்ந்த எனக்கு வேறொரு வித்தியாசம்தான் உறுத்துகிறது. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடும் நம் ஊர்க்கார அக்கா ஒருத்தி கோவில் கொடைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சை அடைத்துக்கொள்வாள். ரயிலில் கலகலவென்று சத்தம் கேட்டுவிடக் கூடாதாம். ஒருமுறை அங்கேயே தங்க வேண்டி வந்து மாத்திரை தீர்ந்துபோனது. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம் என்றால், அங்கே நர்ஸ் அவளுடைய சித்தி மகள். இரண்டு பஸ் மாறி தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள், அதற்குள் ஒன்பது நாள் மருந்து விட்டுப்போயிருந்தது. தாராவியில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் வாங்கிவிடுவாள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஊரில் பஸ் ஏறினாலே 'எங்க தாயி?' என்று நாலு பேர் கேட்பார்கள். பலரும் உடம்பு ரொம்ப முடியாமல் போன பிறகே டெஸ்டுக்கு வருவது இந்தப் பயத்தால்தான். அவள் முன்கூட்டியே கேட்டிருந்தால் இரண்டு மாதத்து மருந்தையே கொடுத்து அனுப்பியிருப்போம். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

2017-இல் வந்த சட்டப்படி நம் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. உள்ளூரில் தயக்கமாக இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ஆலோசனை சொல்லி டெஸ்ட் எடுக்கும் நம்பிக்கை மையத்துக்கு மனைவி போகலாம். காசு கிடையாது. சந்தேகம் எதுவானாலும் 1097-க்கு இலவசமாகப் பேசலாம்.

அப்புறம், உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் சும்மா இருப்பது நியாயம் இல்லை. இங்கே மாநகராட்சி ஆஸ்பத்திரியிலும் இந்த டெஸ்ட் இலவசம்தான். வளைகாப்புக்கு ரயில் ஏறும் முன் எடுத்துவிடுங்கள் தம்பி.