ஆசிரியரும் இணையமும்: ஒரு கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் பள்ளியில் பெரும்பாலான ஆசிரியர்கள் பவர்பாயிண்ட் கோப்புகளையும் வினாத்தாள்களையும் காணொளிகளையும் இணையத்திலிருந்து எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துகொள்கிறோம். இதனால் வேலை குறைகிறது. ஆனால் வேறு யாரோ தயாரித்த பாடத்தை வாசித்துக்காட்டுபவளாக ஆகிவிட்டேனோ என்ற உறுத்தலும் இருக்கிறது. அண்மையில் நாக்கின் நுனியில் இனிப்பு, பின்பகுதியில் கசப்பு என்று பிரித்துக்காட்டும் படம் ஒன்றை வகுப்பில் காட்டினேன். “எனக்கு நாக்கு முழுக்க இனிக்கிறதே, டீச்சர்” என்றாள் ஒரு மாணவி. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆசிரியர்கள் இணையத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

பெயர் வெளியிட விரும்பாத ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் மாணவி சொன்னதே சரி. அந்தப் படத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், நாக்கின் வெவ்வேறு பகுதிகள் சுவையை உணரும் திறனில் சிறிய வேறுபாடுகள் இருப்பதாக எழுதினார். 1942-இல் வெளிவந்த உளவியல் வரலாற்று நூலொன்றில் எட்வின் போரிங் அந்த அளவீடுகளை வரைபடமாகக் கொடுத்தபோது, வேறுபாடுகள் மிகச் சிறியவை என்ற செய்தி படிப்பவர்களுக்குப் புலப்படாமல் போயிற்று. 1974-இல் வர்ஜீனியா காலிங்ஸ் மீண்டும் சோதித்து, நாக்கின் சுவைமொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிகளிலும் எல்லாச் சுவைகளும் உணரப்படுகின்றன என்பதைக் காட்டினார். ஆனாலும் பாடநூல்களில் ஏறிவிட்ட படம் இறங்கவில்லை; இன்று அது கோப்புகளாகப் பெருகி உங்கள் குழுவரை வந்திருக்கிறது.

பிழையை உருவாக்கியது இணையம் அல்ல. சொல்லப்போனால் மேலே நான் எழுதிய திருத்தமும் அதே இணையத்தில், சில நிமிடங்களில் எட்டும் தொலைவில் இருக்கிறது. ஆனால் ‘நாக்கு, ஏழாம் வகுப்பு, பவர்பாயிண்ட்’ என்று தேடுபவருக்குப் பிழையான படம் வந்து சேரும்; ‘இந்த நாக்குப் படம் உண்மைதானா, எங்கிருந்து வந்தது’ என்று தேடுபவருக்கே திருத்தம் கிடைக்கும். உங்கள் கேள்விக்கு நான் சொல்ல விரும்பும் பதில் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. வகுப்பில் காட்டுவதற்காக மட்டும் இணையத்துக்குப் போகும் ஆசிரியருக்கு அது ஒரு கிடங்கு. தாம் கற்பதற்காகப் போகும் ஆசிரியருக்கு, அவர் கல்லூரியை விட்டு வந்த பிறகும் படிப்பைத் தொடரச் செய்யும் இடம் அது. இரண்டாவது பயன்பாடு இல்லாமல் முதலாவது மட்டும் வளரும்போதுதான் நீங்கள் சொல்லும் உறுத்தல் பிறக்கிறது. அந்த உறுத்தல் நியாயமானது.

பகிர்ந்துகொள்வதையே குறையாகக் கருத வேண்டாம். தம் பாடத்துக்குத் தாம் ஒருவர் மட்டுமே என்ற நிலையில் ஒரு சிறிய பள்ளியில் இருக்கும் ஆசிரியருக்கு, அதே பாடத்தைக் கற்பிக்கும் நூறு பேரோடு பேசக் கிடைத்த வாய்ப்பு எவ்வளவு பெரியது! அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்போவதாக 2001-இல் அறிவித்தது. ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயர் 2002-இல் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் உருவானது. தம் படைப்பைப் பிறர் எந்த நிபந்தனைகளோடு பயன்படுத்தலாம் என்று ஆக்கியவரே முன்கூட்டி அறிவிக்க உதவும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்தன. இந்த முயற்சிகளில் பலவற்றின் உயிர்நிலை, பிறர் செய்ததை இலவசமாக எடுக்கலாம் என்பதோடு நிற்கவில்லை. எடுத்ததை நம் மாணவர்களுக்கு ஏற்ப மாற்றலாம் என்பதும் அதில் அடங்கும். மாற்றும் வேலையைச் செய்யாத ஆசிரியர் தமக்குத் தரப்பட்ட உரிமையில் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமலே விடுகிறார். ஒரு கோப்பிலிருந்து முக்கால்வாசியை நீக்கிவிட்டு, மிஞ்சியதற்கு உங்கள் வகுப்பிலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சேர்த்தால், அந்தப் பாடம் உங்களுடையதாகிவிடும். முதலில் செய்தவரின் பெயரைக் குறிப்பிட மறக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

பாடப்பொருளில் மட்டும் அல்ல, கற்பித்தலைப் பற்றிய செய்திகளிலும் ஆசிரியர் குழுக்களில் இதே சிக்கல் இருக்கிறது. ‘படிப்பதில் 10 விழுக்காடு நினைவில் நிற்கும், செய்வதில் 90 விழுக்காடு நிற்கும்’ என்ற கூம்புப் படம் உங்களுக்கும் வந்திருக்கும். அது எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளரின் பெயரோடு சுற்றுகிறது; அவர் 1946-இல் வெளியிட்ட அனுபவக் கூம்பில் எந்த விழுக்காடும் கிடையாது, எண்களைப் பின்னால் யாரோ ஒட்டினார்கள். மாணவர்களைக் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் பயன் கூடும் என்ற கருத்தையும், 2008-இல் பாஷ்லரும் பிற உளவியலாளர்களும் ஆராய்ந்து, போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். சக ஆசிரியர் அனுப்பினார் என்பதாலேயே நாம் இவற்றை நம்பிவிடுகிறோம். நம்பிக்கை நல்லதுதான், ஆனால் அவருக்கும் அதை யாரோ அனுப்பியிருப்பார்கள்.

அப்படியானால் எப்படிச் சரிபார்ப்பது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பயன்பட்டது. வரலாற்றறிஞர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், இளநிலை மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். வரலாற்றறிஞர்களில் பலரும் மாணவர்களைப் போலவே அந்தப் பக்கத்திலேயே தங்கி, அதன் தோற்றத்தையும் சின்னத்தையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தை முழுக்கப் படிக்காமலே வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, அந்தத் தளத்தை நடத்துவது யார், மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடி, விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள். ஒரு பக்கத்தை ஊன்றிப் படிப்பதே அறிவு என்று பழகிய நமக்கு, அதைவிட்டு வெளியே போவதும் அறிவுதான் என்பதை ஏற்கச் சற்று நேரமாகும். உங்கள் மாணவர்கள் முன்னால், பெரிய திரையில், இதை ஒருமுறை செய்துகாட்டுங்கள். ஆசிரியர் ஐயப்படுவதையும் தேடுவதையும் முடிவை மாற்றிக்கொள்வதையும் பார்க்கும் மாணவர், விடையோடு விடை தேடும் வழியையும் சேர்த்துக் கற்கிறார். 2022-இன் இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தப் பழக்கம் இன்னும் அவசியமாகிவிட்டது; பிழையைக்கூடத் தடுமாறாத நடையில் எழுதித் தரும் கருவியிடம் வினாத்தாள் கேட்பவர், ஒவ்வொரு வினாவுக்கும் தாமே ஒருமுறை விடை எழுதிப்பார்க்க வேண்டும்.

வகுப்பறைத் திரைக்கு என்ன தகும் என்பதில் எனக்கு ஓர் அளவுகோல் உண்டு: மாணவர் கையால் எதையாவது மாற்றிப் பார்க்க இடம் தருகிறதா? நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் உருவகப்படுத்தல்கள், அதாவது திரையில் மாற்றிப் பார்க்கக்கூடிய கணினிச் சோதனைகள், இலவசமாகக் கிடைக்கின்றன. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், அதன் மின்சுற்றுப் பயிற்சியைக் கணினியில் செய்த கல்லூரி மாணவர்கள், உண்மையான பல்புகளையும் கம்பிகளையும் கொண்டு பயின்றவர்களைவிடக் கருத்துகளை நன்றாகப் புரிந்துகொண்டதோடு, பின்னர் உண்மையான சுற்றை அமைப்பதிலும் முந்தினார்கள். கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டத்தை அங்கே அவர்களால் பார்க்க முடிந்தது. இருபது நிமிடக் காணொளியை ஓடவிட்டு வகுப்பின் ஓரத்தில் நிற்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவு அதிகம்.

கடைசியாக, நேரம். உங்கள் சக ஆசிரியர்கள் ஆயத்தக் கோப்புகளைத் தேடுவது சோம்பலால் என்று நான் நம்பவில்லை. நாள் முழுவதும் வகுப்புகள், வீட்டில் விடைத்தாள்கள், இரவிலும் குழுவில் வந்துகொண்டே இருக்கும் சுற்றறிக்கைகள் என்று இருப்பவரிடம், ஒரு படத்தின் வரலாற்றைத் தேடிப் படியுங்கள் என்று சொல்வது கொடுமை. எனவே உங்கள் தலைமையாசிரியரிடம் ஒன்று கேட்டுப்பாருங்கள்: வாரத்தில் ஒரு பாடவேளை, ஒரே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து, குழுவில் வந்தவற்றில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சரிபார்த்து, திருத்தி, திருத்தியதை மறுபடி குழுவில் போடுவதற்காக ஒதுக்கப்படட்டும். அந்த நேரம் கால அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆசிரியர்களின் ஓய்விலிருந்து எடுக்கப்படக் கூடாது.

அன்புடன்.